ஒற்றைத் திரையா, பல திரைகளா, மானிட்டரா? நகர இளைஞர்களைப் படமாக்கும் காணொளிக் கலைஞர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு

நகரத்து இளைஞர்களை வைத்துக் காணொளிக் கலைப்படைப்பு செய்ய இறங்குபவர்கள் பெரும்பாலும் கேமராவில்தான் தொடங்குகிறார்கள். எந்த லென்ஸ், 4கே தேவையா, கிம்பல் வேண்டுமா என்று பேச்சு வாரக்கணக்கில் ஓடும். படப்பிடிப்பு முடிந்து எடிட்டிங் பாதியில் நிற்கும்போது கண்காட்சிக்கூடத்திலிருந்து கேள்வி வரும்: எத்தனை திரை? சத்தம் ஸ்பீக்கரிலா, ஹெட்போனிலா? அறை முழு இருட்டாக வேண்டுமா? அந்த நேரத்தில் பதில் தேடினால் பல வழிகள் அடைபட்டிருக்கும். ஆளுயரத்தில் காட்ட ஆசைப்பட்ட உருவத்தின் பாதம் பிரேமுக்கு வெளியே போயிருக்கும். இரவுத் தெருக் காட்சி, ஜன்னல் உள்ள அறையில் சாம்பல் பூசிய மாதிரி வெளுத்துத் தெரியும்.

அதனால் காட்டும் வடிவத்தை முதலில் முடிவு செய்யுங்கள். கேமராவும் லென்ஸும் அதன் பின்னால் தானாக வந்து நிற்கும். நடைமுறையில் உள்ள வழிகள் மூன்று: ஒற்றைத் திரை, ஒன்றோடொன்று இணைந்து ஓடும் பல திரைகள், ஹெட்போனுடன் ஒரு மானிட்டர்.

யாருடைய நேரம் ஓடுகிறது?

செலவையும் இடத்தையும் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஒற்றைத் திரையில் ஓடுவது உங்கள் நேரம்: எதை எப்போது வெட்டுவது, எதை மறைப்பது என்று நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். பல திரைகளில் ஓடுவது படத்தில் இருப்பவர்களின் நேரம். அவர்கள் ஆடுகிறார்கள், களைக்கிறார்கள், சும்மா நிற்கிறார்கள். யாரைப் பார்ப்பது என்பதைப் பார்வையாளர் தலையைத் திருப்பித் தேர்ந்துகொள்கிறார். மானிட்டரில் ஒருவருக்கு ஒருவர் என்ற நெருக்கம் கிடைக்கிறது.

இந்தத் துறையின் நல்ல படைப்புகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் கணக்கு தெளிவாகும். பிரிட்டிஷ் கலைஞர் மார்க் லெக்கியின் 'ஃபியோருச்சி மேட் மீ ஹார்ட்கோர்' (1999) பிரிட்டனின் நடனக் கூடங்களில் யார் யாரோ எடுத்த பழைய வீடியோக்களைக் கோத்து, 1970களிலிருந்து 1990கள் வரையிலான இளைஞர் இரவுகளைச் சுமார் 15 நிமிடத்தில் கடக்கிறது. வேகத்தைக் குறைப்பது, ஒரே அசைவைத் திரும்ப ஓட்டுவது, சத்தத்தைப் படத்திலிருந்து பிரிப்பது என எல்லாமே கலைஞரின் கையில். இது ஒற்றைத் திரையில்தான் நிற்கும். டச்சுக் கலைஞர் ரினெகே டைக்ஸ்ட்ரா 1996, 97இல் லிவர்பூலிலும் நெதர்லாந்தின் சான்டாமிலும் இரண்டு கிளப்புகளில் பதின்வயதினரை வெள்ளைப் பின்னணியின் முன் நிறுத்தி எடுத்தது இரண்டு திரைப் படைப்பு. அங்கே வெட்டு குறைவு. ஒரு பெண் வெட்கப்பட்டு, பிறகு மறந்து, பிறகு ஆடத் தொடங்கும் நேரம் முழுவதையும் நாம் அவளோடு நிற்கிறோம். பிரிட்டிஷ் கலைஞர் ஃபில் காலின்ஸ் (அதே பெயருள்ள பாடகர் அல்ல) 2004இல் ரமல்லாவில் பாலஸ்தீன இளைஞர்கள் நாள் முழுக்க ஆடியதைப் பதிவு செய்து இரண்டு திரைகளில் காட்டினார். அது ஏழு மணி நேரத்தை ஒட்டி ஓடும். முழுதும் பார்ப்பவர் அரிது. ஆனால் களைப்பு எந்தக் கட்டத்தில் எப்படி வருகிறது என்பதுதான் அந்தப் படைப்பு. அதைப் பத்து நிமிடமாகச் சுருக்கினால் ஒரு நடன வீடியோ மட்டுமே மிஞ்சும்.

உங்கள் விஷயத்தை இப்படிச் சோதியுங்கள்: இரண்டு படங்களையும் ஒரே கணத்தில் பார்த்தால்தான் பொருள் வருமா, அல்லது ஒன்றுக்குப் பின் ஒன்றாக வெட்டிக் காட்டினாலும் வருமா? பின்னது என்றால் ஒற்றைத் திரை போதும். 'பிரம்மாண்டமாக இருக்கும்' என்பதற்காக மட்டும் திரைகளைக் கூட்டினால் இரட்டிப்பாவது கோளாறுகள்தான்.

ஒற்றைத் திரை

எடிட்டிங்தான் உங்கள் பலம் என்றால், அல்லது படைப்பு பிறகு திரைப்பட விழாக்களுக்கும் இணையத்துக்கும் போக வேண்டும் என்றால், இதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே கோப்பு, அதை ஓட்டும் ஒரே பிளேயர், ஒரே ப்ரொஜெக்டர். பின்னால் திரையரங்குக்குப் போகும்போதும் வேலை எளிது: 1920×1080 படத்தை, திரையரங்குகளுக்கான டிஜிட்டல் வடிவமான டிசிபியின் 1998×1080 சட்டத்துக்குள் இரு பக்கமும் மெல்லிய கருப்புப் பட்டையோடு வைத்துவிடலாம்.

கூடத்தில் படம் லூப்பாக, முடிந்ததும் மறுபடி தொடக்கத்திலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே பெரிய சிக்கல், பார்வையாளர் பாதியில் நுழைவது. இதற்குத் தீர்வு இரண்டு. முதலாவது, தொடக்கமும் முடிவும் இல்லாத அமைப்பு. பிரிட்டிஷ் கலைஞர் கிலியன் வேரிங் 1994இல் ஒரு வணிக வளாகத்தின் நடுவே, இசையே இல்லாமல், தன் தலைக்குள் ஓடும் பாட்டுக்குத் தனியாக 25 நிமிடம் ஆடியதைப் பதிவு செய்தார். எந்த நிமிடத்தில் நுழைந்தாலும் அது முழுதாகக் கிடைக்கிறது. சுற்றிப் போகிறவர்கள் பார்த்தும் பாராமலும் நகர்வதுதான் அதன் நகரம். இரண்டாவது, நேரக் கணக்கு. கதை போல முன்னேறும் படைப்பாக இருந்தால் அதன் நீளத்தை ஒரு மணி நேரத்துக்குள் சமமாகப் பொருந்தும்படி வையுங்கள்: 14 நிமிடம் 30 வினாடி படமும் 30 வினாடி கருப்பும் சேர்ந்தால் ஒவ்வொரு கால் மணிக்கும் ஒரு காட்சி. வாசலில் நேரப் பலகை எழுத முடியும், ஆட்கள் காத்திருந்து நுழைவார்கள். 17 நிமிடப் படத்துக்கு அந்தப் பலகையை எழுதவே முடியாது.

லூப் இணையும் இடத்தைக் கவனியுங்கள். பல பிளேயர்கள் கோப்பின் முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் போகும்போது அரை வினாடி முதல் இரண்டு வினாடி வரை உறையும், அல்லது மெனு ஒரு கணம் எட்டிப்பார்க்கும். கோப்பின் இரு முனையிலும் ஒரு வினாடி கருப்பையும் அமைதியையும் வைத்தால் உறைவது கண்ணில் படாது. கருப்பே வரக்கூடாத படைப்பென்றால், அதே படத்தை ஒரே கோப்புக்குள் பத்து முறை அடுக்கி ஏற்றுமதி செய்யுங்கள். தடங்கல் பத்தில் ஒரு பங்காகும்.

அறை வெளிச்சம் பற்றி ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கிடலாம். ப்ரொஜெக்டர் தரும் மொத்த ஒளியின் அளவு லுமன். அதைத் திரையின் சதுர மீட்டரால் வகுத்தால், ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளியின் அளவான லக்ஸ் கிடைக்கும். 3 மீட்டர் அகலத் திரை 16:9 விகிதத்தில் ஏறக்குறைய 5.06 சதுர மீட்டர். 3500 லுமன் ப்ரொஜெக்டர் அதில் சுமார் 690 லக்ஸ் தரும். அறையின் பிற வெளிச்சம் திரையில் 20 லக்ஸ் விழுந்தால், மிக வெளிச்சமான இடத்துக்கும் கருப்புக்கும் உள்ள விகிதம் 710க்கு 20, அதாவது சுமார் 35 மடங்கு. பிற வெளிச்சத்தை 5 லக்ஸாகக் குறைத்தால் அதே ப்ரொஜெக்டர் 139 மடங்கு தரும். பகல் நேர ஸ்கேட்போர்டு மைதானத்துக்கு 35 மடங்கு தாங்கும். நடனக் கூடத்தின் இருட்டுக்கோ, நள்ளிரவுத் தெருவுக்கோ தாங்காது. முகமும் பின்னணியும் ஒரே சாம்பலில் கலந்துவிடும். இரவுக் காட்சிகள் அதிகம் என்றால் ப்ரொஜெக்டருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை வாசல் திரைச்சீலைக்கும் சுவர்க் கருப்புக்கும் மாற்றுவது புத்திசாலித்தனம்.

பல திரைகள்

பலர் ஒரே இடத்தில் வெவ்வேறு விதமாக இருப்பதுதான் விஷயம் என்றால் இதற்கு ஈடில்லை. டைக்ஸ்ட்ரா 2009இல் லிவர்பூலின் இன்னொரு கிளப்பில் ஐந்து இளைஞர்களை எடுத்து, நான்கு திரைப் படைப்பாக்கினார். ஆளுக்கு ஆள் உடையும் இசையும் ஆடும் விதமும் வேறு. ஒரு சுவரில் ஆட்டம் முடிய, இன்னொரு சுவரில் தொடங்குகிறது. பார்வையாளர் உடம்பைத் திருப்பித் திருப்பி நிற்கிறார். அறையே ஒரு நடனக் கூடம்போல நடந்துகொள்கிறது. அந்தத் திரும்புதல் ஒற்றைத் திரையில் கிடைக்காது.

இதற்கான விலை முதலில் ஒத்திசைவில் வரும். இரண்டு தனித்தனி பிளேயரில் இரண்டு கோப்பைப் போட்டு ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்தினால் காலையில் சரியாக இருக்கும், மதியம் இருக்காது. ஒவ்வொரு பிளேயருக்குள்ளும் இருக்கும் கடிகாரப் படிகம் கொஞ்சம் முன்பின் ஓடும். இரண்டுக்கும் இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்றாலும் ஒரு மணி நேரத்தில் 0.18 வினாடி விலகும். வினாடிக்கு 25 பிரேம் ஓடும் படத்தில் அது நாலரை பிரேம். எட்டு மணி நேரத்தில் 36 பிரேம். லூப் இணையும்போது வரும் தடங்கல் இதற்கு மேல். ஒருவர் இடது திரையில் பந்தை எறிய வலது திரையில் இன்னொருவர் பிடிப்பதுபோல ஒரு காட்சி இருந்தால் மதியத்துக்குள் அது கலைந்துவிடும்.

தப்பிக்க வழிகள் உண்டு. முதல் வழி, ஒரே 3840×2160 கோப்புக்குள் நான்கு 1920×1080 படங்களை நான்கு மூலைகளில் வைத்து, ஒரே பிளேயரில் ஓட்டி, வீடியோ வால் கன்ட்ரோலர் எனப்படும் பெட்டியால் நான்கு வெளியீடாகப் பிரிப்பது. எல்லாத் திரையும் ஒரே பிரேமிலிருந்து பிறப்பதால் விலகவே முடியாது. என் பார்வையில் நான்கு திரை வரை இதைவிட நம்பகமான வழி இல்லை. கவனிக்க வேண்டியது இரண்டு: சாதாரண ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் 10 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரத் தொடங்கும், அதற்கு ஆப்டிகல் கேபிளோ நெட்வொர்க் கேபிள் எக்ஸ்டெண்டரோ வேண்டும். பிளேயர் 4கே கோப்பைத் தடுமாறாமல் ஓட்டுகிறதா என்று முழு நீளத்துக்கும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாவது வழி, நெட்வொர்க் மூலம் ஒத்திசைந்து ஓடும் வசதியுள்ள பிளேயர்கள். பிரைட்சைன் வகை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. ஒரு பிளேயர் தலைவராகி ஒவ்வொரு லூப் தொடக்கத்திலும் மற்றவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். இதில் எல்லாக் கோப்புகளும் ஒரு பிரேம்கூட மாறாமல் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். எடிட்டிங் டைம்லைனில் ஒரே அவுட்-பாயிண்ட் (படம் முடியும் இடம்) வைத்து ஏற்றுமதி செய்தால் இந்தத் தொல்லை வராது. மூன்றாவது வழி, ஒத்திசைவே தேவைப்படாத படைப்பாக அமைப்பது. ஒவ்வொரு திரைக்கும் வேறு நீளம் கொடுங்கள்: ஒன்று 7 நிமிடம், இன்னொன்று 11 நிமிடம் என்றால் அதே ஜோடி திரும்ப 77 நிமிடம் ஆகும். சந்திப்புகள் தற்செயலாக நடக்கும். தெருமுனை வாழ்க்கைக்கு இது நன்றாகப் பொருந்தும். வசனம் இருந்தால் பொருந்தாது.

எந்த வழியானாலும் சத்தத்தை ஒரே பிளேயரிலிருந்து மட்டும் எடுங்கள். இரண்டு பிளேயரும் ஒரே இசையை ஒலித்தால், விலகலைக் கண்ணுக்கு முன் காது கண்டுபிடிக்கும்; 40 மில்லிவினாடி தள்ளினாலே எதிரொலி கேட்கத் தொடங்கும்.

அடுத்தது ஆளுயரம். காட்சி ஆட்களுக்குச் சமமாக, தரையைத் தொட்டு நிற்க வேண்டும் என்பது பல திரை வேலைகளின் பொதுவான ஆசை. படத்தின் உயரம் 1.9 மீட்டர் என்று வையுங்கள். ப்ரொஜெக்டரைப் படுக்கைவாட்டில் வைத்தால் அகலம் 3.38 மீட்டர், 1.7 மீட்டர் உயரமுள்ளவருக்கு 1080 பிக்சலில் சுமார் 966 மட்டுமே கிடைக்கும். ப்ரொஜெக்டரை 90 பாகை திருப்பி நிமிர்த்தினால் அகலம் 1.07 மீட்டராகச் சுருங்கி, அதே ஆளுக்கு 1718 பிக்சல் கிடைக்கும். வெளிச்சமும் குறுகிய இடத்தில் குவியும்: 3000 லுமன், படுக்கைவாட்டில் சுமார் 467 லக்ஸ், நிமிர்ந்த நிலையில் 1477 லக்ஸ். ஆனால் விளக்கு வகை ப்ரொஜெக்டர்கள் பலவற்றைப் பக்கவாட்டில் சாய்க்கக் கூடாது. வெப்பம் வெளியேறும் பாதை மாறி விளக்கு சீக்கிரம் போய்விடும். லேசர் வகைகளில் பெரும்பாலானவை எந்தக் கோணத்திலும் இயங்கும், ஆனாலும் கையேட்டைப் பார்க்காமல் திருப்ப வேண்டாம்.

இந்த முடிவு நேரே படப்பிடிப்புக்குள் நுழைகிறது. நிமிர்ந்த ஆளுயரப் படத்துக்கு முழு பிரேம் (35 மிமீ பிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவை நிமிர்த்தி, 85 மிமீ லென்ஸோடு 4.5 மீட்டர் தூரத்தில் வைத்தால் 1.9 மீட்டர் உயரம் அடங்கும். சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் அதே தூரத்துக்கு 56 மிமீ. 50 மிமீ லென்ஸை முழு பிரேமில் போட்டு 2.6 மீட்டருக்கு நெருங்கினாலும் ஆள் அடங்குவார். ஆனால் நெஞ்சு பெரிதாகி, பாதம் சிறுத்து, சுவரில் ஆளுயரத்தில் விழும்போது உடம்பு விகிதம் தப்பித் தெரியும். லென்ஸின் உயரம் தரையிலிருந்து 1.1 மீட்டர். பாதத்துக்குக் கீழே 5 சென்டிமீட்டர் தரை விடுங்கள்.

நிமிர்ந்த பிரேமில் நடனத்தை எடுக்காதீர்கள். கையை விரித்தால் மனிதனின் அகலம் ஏறக்குறைய அவன் உயரமே; 1.07 மீட்டர் அகலத்தில் கை இரண்டும் வெட்டுப்படும். நிற்பவர், பேசுபவர், காத்திருப்பவர் என்றால் நிமிர்ந்த சட்டம். ஆட்டம் என்றால் 4:3 அல்லது 16:9.

வெள்ளைப் பின்னணி பற்றி ஒரு எச்சரிக்கை. ஆளைத் தெருவிலிருந்தும் கூட்டத்திலிருந்தும் பிரித்து, உடையும் உடம்பும் மட்டும் பேசும்படி செய்ய அது அருமையான உத்தி. பின்னணியிலிருந்து ஆளை 1.5 முதல் 2 மீட்டர் முன்னால் நிறுத்தி, பின்னணிக்குத் தனி விளக்கு போட்டு, ஆளைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளிச்சமாக வைத்தால் நிழல் விழாது. ஆனால் அறையில் அந்த வெள்ளைத் திரையே ஒரு பெரிய விளக்கு. எதிர்ச் சுவரில் இரவுக் காட்சி ஓடினால் அதன் கருப்பை இது தூக்கிவிடும். இரண்டையும் ஒரே அறையில் வைப்பதாக இருந்தால் ஒரே சுவரில் பக்கம் பக்கமாக வையுங்கள், மற்ற சுவர்களுக்கு அடர் சாம்பல் மேட் பூச்சு கொடுங்கள்.

மானிட்டர்

இதை ஏழைக்கேற்ற மாற்றாக நினைப்பது தவறு. வாக்குமூலம், தனியறையில் ஆடும் ஒருவர், கைபேசியில் எடுத்த காட்சி, பழைய குடும்பக் கேம்கார்டர் பதிவு போன்றவை பெரிய சுவரில் தங்கள் அந்தரங்கத்தை இழந்துவிடும், மானிட்டரில் நிலைக்கும். வெளிச்சமான அறையிலும் வேலை செய்யும், ஹெட்போன் இருப்பதால் பக்கத்துப் படைப்போடு சத்தச் சண்டை வராது.

பழைய பதிவுகளுக்கு அளவே ஒரு காரணம். பால் (PAL) எனப்படும் தொலைக்காட்சி முறையில் மினிடிவி நாடாவில் பதிவான படம் 720×576. 4:3இல் 3 மீட்டர் அகலச் சுவரில் ஒரு பிக்சல் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். 50 சென்டிமீட்டர் அகல மானிட்டரில் 0.7 மில்லிமீட்டர். லெக்கியைப் போல அந்தக் கரகரப்பையே நினைவின் நிறமாகப் பயன்படுத்தினால் சுவரில் போடலாம், அது தெரிந்து செய்யும் தேர்வு. பழைய பதிவில் ஒவ்வொரு பிரேமும் ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டு பாதிகளில் பதிவாகியிருக்கும்; இதற்கு இன்டர்லேஸ் என்று பெயர். எங்கே காட்டினாலும் அதைப் பிரிப்பதில் கவனம்: வினாடிக்கு 25 பிரேமாக மாற்றினால் பாதி அசைவுத் தகவல் போய்விடும், 50 பிரேமாக மாற்றினால் கால் வேகமாக நகரும் நடனம் அதே வழுக்கலோடு இருக்கும்.

தொலைக்காட்சியை மானிட்டராகப் பயன்படுத்தும்போது தவறுபவை பெரும்பாலும் மெனுவுக்குள் இருக்கின்றன. அசைவை மென்மையாக்கும் வசதி தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். அதை அணைக்காவிட்டால் ஸ்கேட்போர்டு தாவும் காட்சியில் சக்கரத்தைச் சுற்றி இழுவல் தெரியும். ரிமோட்டைத் தொடாவிட்டால் சில மணி நேரத்தில் தானாக அணையும் வசதியையும், படத்தின் ஓரத்தை வெட்டும் ஓவர்ஸ்கேனையும் நிறுத்துங்கள். யு.எஸ்.பி.யில் நேரடியாக ஓட்டினால் ஒவ்வொரு லூப்பிலும் கோப்பின் பெயர் மேலே தோன்றும் மாடல்கள் உண்டு. தனி பிளேயர் போடுவது நல்லது. பென் டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது: வினாடிக்கு 25 மெகாபிட் வேகத்தில் 25 நிமிடப் படமே 4.7 ஜிபியைத் தொடும். எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், பிளேயர் அதைப் படிக்கிறதா என்று பாருங்கள்.

கைபேசியின் நிமிர்ந்த படத்துக்கு மானிட்டரையும் நிமிர்த்தினால், கோப்பை 90 பாகை திருப்பி 1920×1080ஆக ஏற்றுமதி செய்ய வேண்டும். மானிட்டரை மாட்டுபவர் வலப்பக்கம் திருப்புவாரா, இடப்பக்கமா என்று முன்பே எழுதி வாங்குங்கள்; மாறினால் எல்லோரும் தலைகீழாக நிற்பார்கள். பேனல் ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். விஏ என்ற இன்னொரு வகைப் பேனலை நிமிர்த்தினால் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கே நிறம் வெளுக்கும். நின்று பார்க்கும் மானிட்டரின் நடுப்பகுதி தரையிலிருந்து 1.5 மீட்டர், பெஞ்சு போட்டால் 1.2 மீட்டர். ஹெட்போன் எப்போதும் இரண்டு. இளைஞர்கள் ஜோடியாக வருவார்கள், ஒன்றுதான் இருந்தால் இருவருமே கேட்காமல் நகர்ந்துவிடுவார்கள்.

மூன்றுக்கும் பொதுவான படப்பிடிப்புக் கோளாறுகள்

தெரு வெளிச்சம்தான் முதல் எதிரி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊர்களில் விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கும்; ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் பட்டை வராது. 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60, 1/120. எல்.இ.டி. விளம்பரப் பலகைகளின் துடிப்பு இதற்குக் கட்டுப்படாது. ஷட்டரைச் சின்னச் சின்னப் படிகளாக நகர்த்தும் வசதி கேமராவில் இருந்தால் பட்டை நிற்கும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். பதிவான பட்டையை எடிட்டிங்கில் சுத்தமாக நீக்க முடியாது. கிளப்பின் ஸ்ட்ரோப் விளக்கில் இப்போதைய சிமாஸ் சென்சார்கள் பிரேமின் பாதியை மட்டும் வெளிச்சமாக்கும். பழைய சிசிடி கேம்கார்டரில் இந்தக் கோளாறு இல்லை. கிளப் காட்சிகளுக்குச் சிலர் இன்றும் அதைத் தூக்கிக்கொண்டு போவதற்கு அழகியலோடு இதுவும் காரணம்.

கைபேசியில் எடுத்தால் ஹெச்.டி.ஆர். பதிவை அணைத்துவிடுங்கள், எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) அது தானாக மாற்றாதபடி பூட்டுங்கள். கைபேசிக் கோப்புகளில் பிரேம் வேகம் நிலையாக இருக்காது. எடிட்டிங்கில் இடுவதற்கு முன்பே நிலையான 25க்கோ 30க்கோ மாற்றாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் உதடும் சத்தமும் விலகி நிற்கும்.

இரவு வானமும் புகையும் சுருக்கிய கோப்பில் படிக்கட்டுபோல அடுக்கடுக்காக உடையும். ஏற்றுமதிக்கு முன் மெல்லிய கிரெயின் (பிலிமில் தெரிவதுபோன்ற நுண்புள்ளிகள்) சேர்த்தால் அது கலைந்து மறையும். 1080 அளவுக்கு ஹெச்.264 என்ற சுருக்க முறையில் வினாடிக்கு 25 மெகாபிட்டுக்குக் குறையாதீர்கள். பிளேயரின் வெளியீட்டையும் பாருங்கள்: 25 பிரேம் படத்தை 60 ஹெர்ட்ஸில் வெளியிட்டால், கேமரா நகரும் ஒவ்வொரு காட்சியும் தட்டித் தட்டி ஓடும். 50 ஹெர்ட்ஸில் வைக்க வேண்டும்.

ஒப்புதலும் இசையும்

வடிவம் மாறினால் ஒப்புதலும் மாறுகிறது. கூடத்தின் ஓரத்தில் ஹெட்போனோடு ஓடும் மானிட்டருக்குச் சரி சொன்ன பதினாறு வயதுப் பெண், தன் முகம் ஆளுயரத்தில் சுவரில் வருவதற்குச் சரி சொன்னதாக ஆகாது. இணையத்துக்குச் சரி சொன்னதாகவும் ஆகாது. ஒப்புதல் தாளில் கண்காட்சி, திரைப்பட விழா, இணையம், அச்சு என்று தனித்தனிக் கட்டங்கள் போட்டு ஒவ்வொன்றுக்கும் தனியாகக் குறி வாங்குங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையொப்பமும் வேண்டும், அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு மாற்றாகாது. எடிட் முடிந்ததும் அவர்களை அழைத்து, காட்டப்போகும் அளவிலேயே போட்டுக் காட்டுங்கள். விலக நினைப்பவர் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பதும் தாளில் இருக்கட்டும். ஒற்றைத் திரையில் ஒருவரை நீக்குவது ஒரு வெட்டு. ஒருவருக்கு ஒரு திரை என்று கட்டிய படைப்பில் ஒருவர் விலகினால் ஒரு சுவரே காலி. பல திரை செய்பவர் தேவைக்கு மேல் இரண்டு பேரையாவது எடுத்து வைக்க வேண்டும்.

இளைஞர் வாழ்க்கை என்றாலே இசை பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பாட்டுக்குப் பாடலாக்கம், ஒலிப்பதிவு என இரண்டு உரிமைகள் உண்டு, இரண்டையும் தனித்தனியாக வாங்க வேண்டும். சின்னக் கூடத்தில் யாரும் கேட்காமல் போகலாம், ஆனால் திரைப்பட விழாவும் இணையமும் கட்டாயம் கேட்கும். அங்கெல்லாம் போகக்கூடிய ஒற்றைத் திரைக்காரர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். மாற்று வழி, படப்பிடிப்பில் ஆடவைத்த பாட்டின் வேகத்தை அளந்து, அதே வேகத்தில் புது இசை செய்ய வைப்பது. நிமிடத்துக்கு 128 தாளத்துக்கு ஆடியவர்மேல் 125 தாள இசையை வைத்தால் அரை நிமிடத்துக்குள் கால் தாளத்தை விட்டு நழுவுவது தெரியும். முதலிலிருந்தே நீங்கள் இசையைத் தேர்வதாக இருந்தால், 25 பிரேம் படத்துக்கு 125 தாளம் வசதி: ஒரு தாளம் சரியாக 12 பிரேம், எங்கே வெட்டினாலும் தாளத்தில் விழும்.

பல திரை அறையின் பேஸ் ஒலி பக்கத்து அறைக்குப் போவதைத் திரைச்சீலையால் தடுக்க முடியாது. அது தாழ்ந்த அலைவரிசைக்கு ஒன்றும் செய்யாது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் குறைப்பதும், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து விலக்கி ரப்பர் மேல் வைப்பதும் ஓரளவு உதவும். அமைதியான படைப்புகளோடு இடத்தைப் பகிர வேண்டியிருந்தால், பேஸ் அதிகமான நடன இசைப் படைப்பை மானிட்டருக்கும் ஹெட்போனுக்கும் மாற்றுவதுதான் நியாயம்.

எதை எடுப்பது

கையில் இருப்பது பிறர் எடுத்த பழைய பதிவுகளும் கூர்மையான எடிட்டிங் கையும் என்றால் ஒற்றைத் திரை. ஐந்தாறு பேரின் உடம்பையும் நேரத்தையும் பொறுமையாகப் பதிவு செய்ய அவர்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள், தனி அறையும் இருக்கிறது என்றால் பல திரை. குறைந்தது இரண்டு நாள் அமைப்பு நேரம் கேட்டு வாங்குங்கள், ஒரு நாள் படத்துக்கு, ஒரு நாள் சத்தத்துக்கு. ஒருவர் உங்களை நம்பிச் சொன்னது, அல்லது அவரே கைபேசியில் எடுத்துத் தந்தது என்றால் மானிட்டர். முதல் கண்காட்சி, பொது அறை, தொழில்நுட்ப உதவியாளர் இல்லை என்ற நிலையிலும் நான் மானிட்டரையே சொல்வேன். அரைகுறை இருட்டில் வெளுத்த ப்ரொஜெக்‌ஷனைவிட அது எப்போதும் மேல்.

எதைத் தேர்ந்தாலும் கூடத்தின் ஊழியருக்கு ஒரு பக்கத்தில் இயக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். அதில் முதல் வரி, ப்ரொஜெக்டரை அல்லது மானிட்டரை முதலில் போட்டு, படம் தெரிந்த பிறகே பிளேயரைப் போட வேண்டும் என்பது. மாற்றிப் போட்டால் எதிரே திரை எதுவும் தெரியாமல் பிளேயர் தவறான ரெசல்யூஷனைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது வரி, சத்தத்தின் சரியான அளவு எண். மூன்றாவது, மாலையில் அணைக்கும்போது ப்ரொஜெக்டரின் மின்விசிறி நின்ற பிறகே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். கோப்பின் இரண்டாவது பிரதியை ஒரு பென் டிரைவில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி, அந்தத் தாளோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள்.